லேபிள் முப்பத்தெட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் தையற்காரனும், இன்னும் மூன்று வாரத்தில் தங்கள் மகனுக்கு மாமனாராகப் போகிறவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். இனிமேல் உண்மை.

முதலில் ஒரு வேண்டுகோள். காரணம் கேட்காமல் செய்ய வேண்டும். தாங்கள் கையில் போன் வைத்துக்கொள்ளாதவர். ஆகவே எங்கள் கடையில் தங்கள் பெயருக்கு நேரே இருப்பது சம்பந்தியம்மாவின் எண். அந்தப் போனுக்கு எங்கள் கடையிலிருந்து ‘உங்கள் அளவு அட்டை’ என்று ஒன்று வரும், அல்லது இந்நேரம் வந்திருக்கும். சம்பந்தியம்மா குளிக்கப் போகும் சமயம் பார்த்து அந்தப் போனை எடுத்து, அட்டையைத் திறக்காமல், படிக்காமல் அழித்துவிட வேண்டும். பெண்ணைக் கொடுக்கப் போகிறவன் மாப்பிள்ளையின் அப்பாவைத் திருடச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் திருடுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் கடையில் இருபத்தேழு அளவு நோட்டுகள். வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு பக்கம். நடுவில் அளவு, ஓரத்தில், நானும் கட்டிங் மாஸ்டரும் மட்டும் படிப்பதற்கு ஒரு குறிப்பு. டேப் சொல்வது நடுவில், டேப் சொல்லாதது ஓரத்தில். போன மாதம் மாஸ்டர் ஒன்பதாம் நோட்டின்மேல் டீயைக் கவிழ்த்தார். பதினோரு பேருடைய பேண்ட் ஒரே மூச்சில் கரைந்து போயிற்று. உடனே என் மகள், அதாவது தங்கள் வருங்கால மருமகள், “அப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் குப்பையைக் கட்டிட்டு அழப் போறீங்க? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம், அவங்கவங்க அளவு அவங்கவங்க போனுக்கே போயிடும்” என்றாள். ஊரே ஏற்றும்போது நாம் மட்டும் இறங்கி நிற்பானேன் என்று நானும் தலையாட்டினேன். ஐந்து நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். பக்கம் என்றால் முழுப் பக்கம். ஓரத்தோடு. “ஓரத்தை விட்டுட்டு எடும்மா” என்று சொல்லியிருக்க வேண்டிய நான், அந்த ஐந்து நாளும் வாசலில் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம் “நம்ம கடையில இனிமே பேப்பரே கிடையாது” என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றேனா? மாஸ்டருக்குப் புது ஏற்பாடு பிடிபடவில்லை. “முதலாளி, இந்தச் சீட்டை அனுப்பணுமா? அப்ப இதை? இதையும்மா?” என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டார். பொறுக்காமல் கத்திவிட்டேன்: “யோவ், கடையில எந்தப் பேப்பர்ல யார் பேர் இருக்கோ, அதைப் படம் புடிச்சு அவங்களுக்கு அனுப்பிடு. என்னை ஒண்ணும் கேக்காதே!” அன்றிலிருந்து அவர் கேட்பதில்லை. கடையில் அமைதி நிலவியது. நேற்று வரைக்கும்.

நேற்றுக் காலை தபால்காரர் வந்தார். போனை நீட்டினார். அவருடைய அட்டையின் ஓரத்தில், என் அழகான கையெழுத்தில், ‘இடது தோள் ஒரு அங்குலம் இறக்கம். பை சுமந்த தோள். சொல்லாதே. பஞ்சு வை.’ “பதினாறு வருஷமா பஞ்சு வச்சா அனுப்புனீங்க? நான் நேராத்தான் இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேனே” என்றார். கோபமா துக்கமா தெரியவில்லை. தோளைத் தடவிக்கொண்டே போனவர், எங்களுக்கு வந்த தபாலைக் கொடுக்க மறந்துவிட்டார். அவர் படி இறங்கவும் பல் டாக்டர் படி ஏறவும் சரியாக இருந்தது. அவர் அட்டையில், ‘நாலு மீட்டர் கொடுத்தார். மூணே போதும். சொல்லாதே.’ டாக்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். இஸ்திரி மேசை விரிப்பு, மெஷின் உறை, மாஸ்டர் உட்காரும் குஷன், மூன்றும் அதே சாம்பல் கட்டம். “நல்ல துணி” என்றார். “ஆமாங்க டாக்டர், என்னமா உழைக்குதுங்கிறீங்க!” என்றார் மாஸ்டர். அடுத்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. பிடுங்கப் போகிறவர் அவர்தான்.

இரண்டு பேருக்குப் போயிருந்தால் ஆயிரத்து நூறு பேருக்கும் போயிருக்கும். அதில் தாங்களும் ஒருவர்.

தங்கள் அட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமே இல்லை. இரு வீட்டாரும் கூடிப் பேசிய அன்று தாங்கள் எழுந்து நின்று, “கல்யாணமான நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் என் இடுப்பு முப்பத்தெட்டு. ஒழுக்கம்னா அது!” என்றீர்கள். என் அண்ணன் கைதட்டினார். நானும் தட்டினேன். மாஸ்டர் மட்டும் இருமினார், அது சளி. அட்டையில் நாற்பத்திரண்டு என்று ஓர் எண் கண்ணில் பட்டால், அது துணி சுருங்குவதற்கு விடும் கணக்கு. ‘மூச்சு விடும்வரை காத்திரு’ என்றிருந்தால், அது என் இளைப்புக்காக எனக்கு நானே எழுதிக்கொண்டது. ‘லேபிளில் 38 என்றே போடு’ என்பதற்குத் தனியாக ஓர் அர்த்தமும் கிடையாது. முடி கொட்டுகிறது என்று சொன்ன பாவத்துக்கு முடிவெட்டுகிறவரோடு ஆறு வருஷமாகத் தாங்கள் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். என்னோடும் பேசாமல் இருங்கள், சம்பந்தி. தாங்கும். ஆனால் கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். படம் பிடித்ததுதான் என் மகள். எழுதிய கை என்னுடையது. அவள் இப்போதும் உள்ளே உட்கார்ந்து, தங்கள் மகனுடைய சட்டைக்குத் தன் கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுத என்னால் முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் பேப்பரில் எழுதுகிறேன் என்றால், பேப்பர் ஊமை. யாரிடம் கொடுத்தோமோ அவரோடு நின்றுவிடும்.

மணமக்கள் நீடூழி வாழவும், சம்பந்தியம்மா சுகமாக இருக்கவும், தாங்கள் மூச்சை நன்றாக விட்டு, வாங்கி, நெடுங்காலம் வாழவும் வேண்டும்

தங்கள் பணிவுள்ள,
வருங்காலச் சம்பந்தி

பின்குறிப்பு: இது சம்பந்தியம்மா அவர்களுக்கு, போனிலேயே தட்டுகிறேன். மேலே உள்ளதை முடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வழியில் மகள், “ஏம்ப்பா இப்படி வேர்க்குது? சோதனைக்கு ரெண்டே பேருக்குத்தான் அனுப்பினேன். மத்தது ஒண்ணும் போகலையே” என்றாள். கடிதத்தைக் கிழித்துப் போட ஓடி வந்தேன். மேசைமேல் அழகாக அடுக்கி வைத்திருந்தது. “நாலு பக்கமும் தெளிவா வந்துச்சு முதலாளி. பேர் பார்த்தேன், நம்பர் பார்த்தேன், அனுப்பிட்டேன். உங்களை ஒண்ணும் கேக்கலை” என்றார் மாஸ்டர். நான் நாற்காலியைத் தேடுவதற்குள் தங்கள் பதில் வந்துவிட்டது: “அண்ணா, நாப்பத்திரெண்டெல்லாம் பழைய கதை. வருஷத்துக்கு ஒரு தடவை, அவர் தூங்குறப்ப பெல்ட்ல ஓட்டை போடுறது யாருன்னு நெனச்சீங்க? கல்யாணக் கோட்டோட பேண்ட்டை நாப்பத்திநாலா வெட்டுங்க. லேபிள் முப்பத்தெட்டாவே இருக்கட்டும். அவர் காதுக்குப் போக வேண்டாம்.” உத்தரவு, அம்மா. நாற்பத்திநாலே வெட்டுகிறோம். அந்தக் காகிதங்களை இப்போதே அடுப்பில்... ஆனால் அவை என் கையில் இல்லை. மாஸ்டர் கையில் இருக்கின்றன. “சம்பந்தி ஐயாவே கோட்டு டிரையலுக்கு வந்துட்டாரு முதலாளி. பேர் அவர் பேர்தானே, கையிலயே குடுத்துடறேன்” என்று வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார். தங்கள் வீட்டுக்காரர் என் கழுத்தில் தொங்கும் டேப்பைப் பார்த்ததும் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தத் தடவை நானும்.