முப்பத்தொரு பற்றுச்சீட்டுகள் தொலைந்த விபரம்

தர்மபுரம்,
12.06.1961

மதிப்புக்குரிய மயில்வாகனம் ஐயா அவர்களுக்கு, எகிப்தில் தங்கள் கீழ் சம்பளக் கிளாக்கராக இருந்த வீரகத்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. வற்றாப்பளை அம்மன் கிருபையால் நானும் மனைவி கமலாசனியும் மகளும் இரண்டு எருமைகளும் சுகம். தாங்களும் குடும்பத்தாரும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன்.

கடல் கடந்து நின்ற நம் படையாட்களுக்குச் சம்பளம் கொடுத்த நமது பிரிவின் வரலாற்றைத் தாங்கள் புத்தகமாக அச்சிடுவது அறிந்து மகிழ்ந்தேன். அதில் நாற்பத்து நாலாம் ஆண்டுப் பக்கத்தில், "முப்பத்தொரு பற்றுச்சீட்டுகள் கிளாக்கர் வீரகத்தியின் கவனக்குறைவால் தொலைந்தன" என்று ஒரு வரி வருவதாகவும், மறுப்பு இருந்தால் எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது ஐயா, பதினேழு வருடமாக இருக்கிறது. அன்று கணக்காய்வு அறிக்கையில் ஏறிய அதே வரியால்தான் எனக்கு நற்சான்றும் இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை, காடு வெட்டி வயல் செய்ய வந்தேன். இப்போது மகள் விமலேஸ்வரிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனும் நம்மோடு எகிப்தில் மண்மூட்டை சுமந்தவர். புத்தகம் அவர் வீட்டுக்கும் போகும்.

கொக்கிளாய்க் கொன்ஸ்ரன்ரைனைத் தங்களுக்கு நினைவிருக்கும், உயரமான பெடியன், தாய் தகப்பன் இல்லாதவன். சம்பளத்தில் பாதியை ஊரில் யாருக்கு அனுப்புவது என்று படிவத்தில் கேட்டபோது விழித்துக்கொண்டு நின்றான். ஆருமில்லாதவன் காசு நம் பெட்டியிலேயே கிடக்கும், அதுதான் சட்டம். ஆனால் காசு கிடைத்ததென்று வீட்டார் கையொப்பமிட்ட சீட்டுகள் கப்பலில் வரும்போது, நான் கோவையில் போடுமுன் பெடியள் மேசையைச் சுற்றி நின்று, "இது அம்மான்ரை கை, இது அக்கா வைச்சது" என்று பார்ப்பார்கள். இவன் கூடார வாசலிலேயே நிற்பான். ஒருநாள் வந்து, "அண்ணை, எனக்கும் ஒரு சீட்டு வாறமாதிரிச் செய்யுங்கோ" என்றான். ஆருக்கடா அனுப்ப என்றேன். யூலிற்றா என்று ஒரு கைம்பெண்ணாம், கரைவலை இழுத்து வந்தவனை ஒருதரம் கூப்பிட்டுச் சோறு போட்டவவாம். நான் உறவுமுறையில் "தாய்" என்று எழுதினேன். பொய்யென்று தெரிந்துதான் எழுதினேன். சீல் குத்தியவர் தாங்கள்.

அந்த மனிசிக்கு இவன் முகமே நினைவில்லை. முதல் மணியோடரைத் திருப்பி அனுப்பப் போனவவின் பெருவிரலைத் தபாற்காரர் பிடித்து மையில் அழுத்திவிட்டாராம். அந்தக் கைநாட்டுச் சீட்டு எகிப்துக்கு வந்ததும், பார்த்துவிட்டுத் தாறன் என்று கொண்டுபோன கொன்ஸ்ரன்ரைன் தரவேயில்லை. அடுத்த மாதங்களிலும் அதே கதைதான். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்க மனம் வரவில்லை. லொறி புரண்டு அவன் செத்த கையோடு கணக்காய்வாளர் வந்தார், அவன் கோவை வெறுமையாகக் கிடந்தது. செத்தவன்தான் கொண்டுபோனான் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை.

சாட்சி தேடிப் போன வெள்ளிக்கிழமை கொக்கிளாய்க்குப் போனேன். பஸ் முல்லைத்தீவோடு நின்றுவிட, மிச்சத் தூரம் மீன்கூடைகளுக்கு நடுவில் வண்டிப் பயணம், என் வேட்டியின் நிலையை எழுதத் தேவையில்லை. படையிலிருந்து வந்தவன் என்றதும் யூலிற்றா அம்மா கதிரை போட்டுப் பொரித்த மீனும் சோறும் தந்தா. விரத நாளில் நான் அதைச் சாப்பிட்டதைக் கமலாசனிக்கு எழுதிவிடாதீர்கள். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கற் பெட்டியை எடுத்தா, அவனுடைய சாமான்களோடு படை அனுப்பியதாம். உள்ளே முப்பத்தொரு சீட்டும் நூலால் கட்டியபடி. நான் தேடிய சாமான் என் மடியில், ஐயா.

"தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். என்ரை மோன் என்ரை கைநாட்டுகளை ஏன் இப்பிடிக் கட்டி வைச்சிருந்தவன்?" என்று கேட்டா.

"நீங்கள் சுகமாயிருக்கிறியள் எண்டு பாக்கத்தான், அம்மா."

அவா அழுதா, நானும் அழுதேன். வருடா வருடம் நவம்பரில் அவனுக்குப் பூசை கொடுக்கிறாவாம், தாய்க்கென்று படை கொடுக்கும் பென்சனில்.

ஆகவே இவ்விபரம் முழுவதையும் அச்சிட்டு, வீரகத்தி எதையும் தொலைக்கவில்லை என்று உலகறியச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் பெரியோருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிவுள்ள,
க. வீரகத்தி

பி.கு.: உறையில் இடுமுன் ஒருதரம் வாசித்தேன். தாங்கள் வாசித்தவுடன் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். பெட்டியை நான் அவாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். படிவம் பொய்யென்று தெரிந்தால் பென்சனும் போகும், அவனுக்கு ஒரு தாயும் இல்லாமற் போகும். தங்கள் வரி சரியானது. "கவனக்குறைவால்" என்பதை மட்டும் "மிகுந்த கவனக்குறைவால்" என்று திருத்துங்கள். மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பக்கத்தை நானே வாசித்துக் காட்டுகிறேன்.