ஆலையின் மேல்கல்லைத் திருப்பி அனுப்பவும்

அன்பு மச்சான் ஈவனுக்கு, ஆற்றங்கரை மாவு ஆலைக்காரன் கில்கிறிஸ்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா மரியோட்டாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். டன்கெர்ரிக் கோட்டைக்குள் அடைபட்டிருக்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். அந்த வேண்டுதலில் உன் அக்காவின் பங்குதான் அதிகம், மறைப்பானேன்?

நிற்க. என் மேல்கல் எங்கே?

உங்களை முற்றுகையிட்டிருக்கும் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு ராட்சதக் கவண்பொறியைக் கட்டினார்களே, அதன் வாலில் பாரமாகத் தொங்கும் எடைப்பெட்டிக்கு ஈயம் போதவில்லை என்று எங்கள் தேவாலயத்தின் ஈயக் கூரையையே உரித்துக்கொண்டு போனார்கள். பூசை நேரத்தில் மழை எங்கள் தலையில் கொட்டியது. போகட்டும் என்று விட்டேன். கூரை கடவுளுடையது, அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் மறுவாரமே பொறித் தச்சர் ஹாம்லின் என் ஆலைக்குள் நுழைந்து மேல்கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவன்கூட அப்படிப் பார்க்கமாட்டான். "வயல்ல பொறுக்குற கல்லு ஒண்ணு விழுந்த எடத்துல இன்னொண்ணு விழமாட்டேங்குது. இதுல்ல கல்லு! என்ன உருட்சி, என்ன கனம்!" என்றார். "ஐயா, அது ஊருக்கே ஓட்ஸ் அரைக்கிற கல்லுங்க" என்றேன். "இனிமே கோட்டைய அரைக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அது பறந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். சுவரையாவது இடித்ததா என்றால் அதுவும் இல்லை. சுவரைத் தாண்டி உங்கள் முற்றத்துச் சாணிக் குவியலில் பொத்தென்று விழுந்தது. கீறல்கூட இல்லை என்று மதில்மேல் நின்று சொன்னது யார்? நீதான். அத்தோடு விட்டாயா? "மச்சான், கல்லு பத்திரமா இருக்கு! பன்னிக்கொட்டிலுக்குக் கதவா உருட்டி வச்சிருக்கோம், அளவு கச்சிதம்!" என்று ஊர் கேட்கக் கத்தினாய். கோட்டையே சிரித்தது. இந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரனும் சிரித்தான். சண்டை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு கூட்டமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பதிலுக்குக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போயிற்று. அதனால்தான் பாதிரியாரைக் கெஞ்சி இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறேன்.

அட பாவி மனுஷா, ஒற்றைக் கல்லால் மாவு அரைபடுமா? வீட்டில் கைத்திரிகை வைத்திருந்தால் உடைப்போம், எல்லாரும் ஆலைக்குத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டவர் உங்கள் கோட்டைப் பிரபு. ஆகவே ஊரில் ஒரு திரிகை கிடையாது. பல் இருப்பவன் ஓட்ஸை முழுசாக வேகவைத்துத் தின்கிறான். பல் இல்லாதவன் என் வாசலில் வந்து என்னைத் தின்கிறான்.

மிச்சம் இருப்பது கீழ்கல் ஒன்றுதான். அதையும் கேட்டு ஹாம்லின் தினமும் வருகிறார். "என் மேல ஏறிப் போங்கய்யா" என்று குறுக்கே படுத்துக்கொள்கிறேன். உயிரே போனாலும் தரமாட்டேன். அது இருக்கும்வரைதான் நான் ஆலைக்காரன். ஆகவே முற்றுகை முடிந்த கையோடு மேல்கல்லை உருட்டிக்கொண்டு வந்து சேர். வழியில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் மச்சான் என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

உனக்கும் கோட்டையிலுள்ள அனைவருக்கும் புனித நினியன் துணையிருப்பாராக. பன்றிகளுக்கு ஆசி கிடையாது.

இப்படிக்கு,
கொதித்துப் போயிருக்கும்
கில்கிறிஸ்ட்

பின்குறிப்பு: கடிதத்தைக் கொண்டுவர ஆள் தேடினேன், அகழியைத் தாண்ட ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. இவ்வளவு திட்டி எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருக்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. ஹாம்லின்தான் பெரிய மனசு பண்ணி, "கவலைய விடுங்க, நம்ம பொறியே கொண்டுபோய்ச் சேத்துடும். கனமா ஏதாச்சும் ஒண்ணுல கட்டிக் குடுங்க, போதும்" என்றார். கீழ்கல்லின் நடுத்துளையில் செருகிக் கட்டியிருக்கிறேன். இதைப் படிப்பதற்கு முன் சற்றுத் தள்ளி நிற்கவும்.