பேராசிரியரின் வலது கண்

ப்ளோவ்டிவ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு லிண்டன் மரம் அழுதது. ஜூன் மாதத் தேர்வு நெருங்கினால் போதும், சொட்டுச் சொட்டாக அழும். சுற்றுச்சூழல் உயிரியல் மூன்றாம் ஆண்டு மொத்தமும் அதன் கீழே கையேந்தி வரிசையில் நிற்கும். அறிவியல் படிக்க வந்த கூட்டம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மரத்துக்குப் பூசாரி பெனியோ, ஓய்வு பெற்ற காவலாளி. மரத்தை நட்டவர் காலமான பூச்சியியல் பேராசிரியர் வல்ச்சனோவ். உயிரோடிருந்தவரை பாதி வகுப்பைத் தேர்வில் கவிழ்த்தவர். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது மரத்திலிருந்து அழுகிறாராம். அந்தக் கண்ணீரை விரலில் தடவிக்கொண்டு, வாய்மொழித் தேர்வு மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் கேள்விச் சீட்டை எடுத்தால் சுலபமான சீட்டாக வருமாம். மதிலுக்கு வெளியே தனியாக நீண்ட கிளை பேராசிரியரின் வலது கண். உள்பக்கக் கிளை இடது கண். காணிக்கை, பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து அம்மாக்கள் அனுப்பிய தொத்திறைச்சியும் குடைமிளகாய்த் தொக்கும். பெனியோவின் கன்னம் பளபளத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

அந்த மூன்றாம் ஆண்டு மாணவி ரலிட்சா கண்ணீரைத் தடவிக்கொண்டு இரண்டு முறை தேர்வுக்குப் போனாள். இரண்டு முறையும் தோற்றாள்.

"வலது கண்ணத் தொட்டிருக்கணும்மா, நீ இடது கண்ணத் தொட்டுட்ட," என்றார் பெனியோ. இரண்டாம் முறை அப்படியே மாற்றிச் சொன்னார். இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். ஊரில் அத்தையின் அழகு நிலையத்தில் முடி கூட்டிப் பெருக்க வேண்டியதுதான்.

தேர்வுக்கு முதல் நாள் வரிசையில் நின்று கண்ணீரைத் தடவிக்கொண்டவளின் விரலில் ஓர் எறும்பு ஏறியது. ஊதிவிட்டாள். இன்னொன்று வந்தது. விரலை நக்கிப் பார்த்தாள். இனித்தது.

"இஸ்க்ரா, கண்ணீர் கரிக்கத்தானேடி செய்யும்?"

அறைத்தோழி இஸ்க்ரா யோசிக்கவே இல்லை. "இது பேராசிரியர் கண்ணீருடி. படிச்ச கண்ணீர்."

தேர்வுக்குப் போகிறவர்கள் முன்னால் வாசலில் தண்ணீர் கொட்டி வழியனுப்புவது அங்கே வழக்கம். அதற்காக இஸ்க்ரா ஒரு வாளி நிறைத்து வைத்திருந்தாள். ரலிட்சா அதில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்தாள். மதியம் பெனியோ தின்ற களைப்பில் குறட்டை விட்டபோது, நாற்காலி போட்டு ஏறி, வலது கண்ணின் இலைகளை அடிப்பக்கம் உட்பட ஒன்றுவிடாமல் கழுவினாள். இடது கண்ணைத் தொடவில்லை.

மறுநாள் காலை வலது கண் காய்ந்து கிடந்தது. இடது கண் வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருந்தது. கூட்டம் கதிகலங்கியது.

"யாரோ தீட்டுப் பண்ணிட்டாங்க," என்றார் பெனியோ. "பேராசிரியருக்குக் கோவம்."

"ஒத்தக் கண்ணுல மட்டுமா மாமா கோவம்?" என்றாள் ரலிட்சா. "நான்தான் சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவுனேன்." இடது கிளையை வளைத்து ஓர் இலையைத் திருப்பி, கைலென்சை இஸ்க்ராவிடம் நீட்டினாள்.

இலையின் அடியில் அடைஅடையாக அசுவினிகள், இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சிகள். ஒன்று பின்பக்கத்தைத் தூக்கியது. அங்கே ஒரு சொட்டு பளபளவென்று திரண்டு விழுந்தது.

"ரலிட்சா," என்றாள் இஸ்க்ரா மெதுவாக, "நான் இத நெத்தியில வேற பூசியிருக்கேன்."

"நான் நக்கியே பாத்துட்டேன். பேசாம இரு."

பெனியோ விடவில்லை. "சரி, இருக்கட்டும். பேராசிரியர் அந்தப் பூச்சி வழியாத்தான் அழுவுறாரு."

"அழல மாமா. வெளிக்குப் போறாரு."

வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெனியோ அன்றைய தொத்திறைச்சியைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார். அப்படியும் நாலைந்து பேர், எதற்கும் இருக்கட்டுமே என்று இடது கண்ணில் விரலைத் துடைத்துக்கொண்டுதான் தேர்வுக்குப் போனார்கள்.

அவர்கள் விரலில் ஒரு சீட்டுக்கு மூன்று சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒட்டுனது அத்தனைக்கும் பதில் சொல்லுங்க," என்றார் தேர்வு நடத்திய பேராசிரியை குனேவா.

ரலிட்சா கையைக் கழுவிவிட்டு வந்து ஒற்றைச் சீட்டு எடுத்தாள். கடினமான சீட்டுதான். ஆனால் இந்த முறை படித்திருந்தாள். தேறினாள்.

அசுவினியின் பின்பக்கத்தை மூன்று வருடம் நம்பிய மகாஜனங்களே, உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பதை ஒரு நாளாவது நம்பிப் பாருங்கள்.