தூளியும் ஒரு வேலைப் பாட்டும்

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் யார் எவ்வளவு செய்கிறார் என்பதை மூன்றாவது ஆள் ஒருவன் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். அந்த மூன்றாவது ஆளாக நானே இருந்ததுதான் கோளாறு.

யுத்த காலம். மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால், ஓமலூர் ரோட்டில் ஒருவர் கொட்டகை போட்டு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மாவில் அதைச் செய்யத் தொடங்கியிருந்தார். எனக்கு மேற்பார்வை வேலை. (தகுதி: எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், சொந்தமாக ஒரு நோட்டு.)

இயந்திரம் கிடையாது. ஈரமாவைத் துணியில் கொட்டி, இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துத் தூளி போல ஆட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகம் இருந்தால் மாவு உருண்டு மணியாகும். இல்லாவிட்டால் கட்டிதான்.

எட்டு ஜோடிகளில் பாவாயியும் அவள் தம்பி பெண்டாட்டி நல்லம்மாவும் ஆட்டிய மணிதான் முத்து மாதிரி இருந்தது. துணியைத் தொட்டதும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏனாத்தா, கை செத்துப் போச்சா?" என்பாள் பாவாயி.

"உங்க கையப் பாருங்க நங்கை. உங்க தம்பிக்கும் இதே கைதான், பாதியில தூங்கிப்போகும்" என்பாள் நல்லம்மா. நாத்தனாரை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

சண்டை போட்டுக்கொண்டே இவ்வளவு செய்கிறவர்கள், சண்டையில்லாமல் எவ்வளவு செய்வார்கள்! நோட்டில் குறித்துக்கொண்டேன். கல்கத்தா வியாபாரி ஒருவர் செய்முறையை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் கொட்டகையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வியாபாரி வருகிற அன்று காலையில் நான் அந்த இருவரையும் பிரித்து, அவரவர் சிநேகிதியோடு சேர்த்துவிட்டேன்.

சிநேகிதிகள் சிரித்துப் பேசினார்கள். "நீ மெதுவா ஆட்டு ஆத்தா" என்று ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுத்தார்கள். துணியைப் பிரித்தால் கொழுக்கட்டை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை தளர்ந்தால் அடுத்தவள் வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாளே என்ற பயம்தான் அந்த இருவரையும் சமமாக ஆட்ட வைத்திருந்தது. உறைத்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பதற்றத்தில் நானே ஒரு துணியைப் பிடித்து ஆட்டினேன். வியாபாரி உள்ளே நுழைந்தபோது மாவு முழுவதும் என் தலையில் இருந்தது.

"பாவாயக்கா, நல்லம்மா, பழையபடி சண்டை போடுங்க" என்று கெஞ்சினேன்.

"எப்படிங்க சாமி? நாங்கதான் ராசியாயிட்டமே" என்றாள் பாவாயி.

"காலையிலிருந்து உங்களைத் திட்டித் திட்டியே ஒண்ணாயிட்டமுங்க" என்றாள் நல்லம்மா.

ஆனாலும் துணியை எடுத்தார்கள். கொட்டகை மூடினால் அவர்கள் அடுப்பும் அணைந்துவிடுமே.

"வந்தாரு பாரு தொரை!" என்று என்னைப் பார்த்துப் பாவாயி ஒரு இழுப்பு.

"வேகாத கெழங்கு மூஞ்சி!" என்று நல்லம்மா மறு இழுப்பு.

"நோட்டுத் தூக்குற கையி!"

"மாவு தூக்குமா நங்கை!"

மற்ற ஜோடிகளும் சேர்ந்துகொண்டன. எட்டுத் துணிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. மணிகள் முத்து முத்தாக உருண்டன. தமிழ் தெரியாத வியாபாரி தலையாட்டி ரசித்துவிட்டு, இது என்ன பாட்டு என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"வேலைப் பாட்டுங்க" என்றேன்.

ஆர்டர் கிடைத்தது. பாட்டும் நிலைத்துவிட்டது. நான் அங்கிருந்து பத்திரிகை வேலைக்குப் போகும்வரை தினம் ஒரு அடி கூடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் கொல்லையிலிருந்து என் மனைவி என் பெயரைச் சொல்லிக் குரல் உயர்த்தினால், "அப்பா, வேலைப் பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்கிறார்கள் பிள்ளைகள். நான் பேனாவை மூடிவிட்டுப் போய், ஈரச் சேலையின் மறுமுனையைப் பிடிக்கிறேன்.