எட்டு மணி – உயிரோடு

மருந்துப் புட்டியைப் பார்த்தால் எனக்கு வீரம் வந்ததே கிடையாது. ஒரே ஒரு தரம் வந்தது. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

மெர்டேக்கா (சுதந்திரம்) கிடைத்த வருடம். காஜா பெராங் என்ற இடத்தில் வாடகை வீடு. என் மனைவி சரோஜாவுக்கு ஏழாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் நெஞ்செரிச்சல், புளித்த நீர் தொண்டைவரை வரும். கிளினிக் மிஸ்ஸி (எங்கள் ஊரில் நர்ஸுக்கு அதுதான் பெயர்) ஒரு வெள்ளை மருந்து கொடுத்து, சாப்பிட்டபின் ஒரு கரண்டி என்றார். சரோஜா தொடவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து எங்களுக்கு எல்லாவற்றிலும் பயம்.

"புள்ளைக்கு ஒன்னும் ஆவாதுன்னு யாருங்க சொல்றது?"

"நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்."

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அல்லவா, எதையும் முறைப்படி செய்வேன். அவள் பங்குக்கு ஒரு கரண்டி குடித்தேன், உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஒன்று. இரட்டையாக இருந்தால்? மூன்று. (எதற்கும் இருக்கட்டுமென்று இன்னும் இரண்டு.) நோட்டில் குறித்தேன்: 'காலை ஏழு மணி – ஐந்து கரண்டி குடித்தேன். ஏழரை – உயிரோடு. எட்டு – உயிரோடு. எட்டரை –'

எட்டரைக்கு எழுத நான் அங்கே இல்லை. பின்பக்கத்து ஜம்பானில் இருந்தேன், மதியம்வரை. பக்கத்து வீட்டுக்கும் அந்த ஒரே கழிப்பறைதான்.

"கிராணி, நாங்களும் மனுசந்தான் லா" என்று வெளியே குரல் கேட்டது.

"இதயா எம்புள்ளைக்குக் குடுக்கச் சொன்னாங்க?" என்று சரோஜா அழுதாள். மறுநாள் நோட்டோடு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

மிஸ்ஸி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களா புள்ளத்தாச்சி? அஞ்சு கரண்டி குடிச்சா யாருக்கும் வயித்தால போவும் லா. இது அவங்க மாசத்தப் பாத்துக் குடுத்தது. ஒரு கரண்டிதான், அதுவும் எரிஞ்சா மட்டும்." பிறகு சரோஜாவிடம், "கொஞ்சங் கொஞ்சமா சாப்புடுங்கம்மா. சாப்ட்டதும் படுக்காதீங்க" என்றார்.

சரோஜா சிரித்தாள், பல மாதங்களுக்குப் பிறகு. அன்று மதியம் ஒரு தட்டு சோற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிட்டு முடித்து, எரிந்ததும் ஒரு கரண்டி மருந்தும் குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். குடித்த பாலையெல்லாம் என் சட்டையில் கக்கினாள். நான் பழைய புட்டியைத் தேடினேன்.

"புள்ள எட ஏறுதுல்ல? மருந்து வேணாம். தோள்ல நிமித்திப் போட்டுத் தட்டுங்க" என்றார் பிள்ளையைப் பார்க்க வந்த மிஸ்ஸி. ஆறு மாதம் புளித்த பால் வாசனையோடுதான் வேலைக்குப் போனேன், பெருமையாக.

அந்த மகள் இப்போது பிள்ளைத்தாச்சி. சென்ற வாரம் கிளினிக்கிலிருந்து நேரே இங்கே வந்தாள்.

"நெஞ்செரிச்சலுக்கு மருந்து குடுத்துருக்காங்கப்பா. டாக்டரும் குடிக்கலாம்னுட்டாரு. நீங்க எப்ப குடிச்சுப் பாக்குறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் சரோஜா அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்துவிட்டாள். எட்டரைக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.