மாத்திரையும் கூலிங் கிளாசும்

திருமழிசை,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் ஆனந்தனுக்கு,

மாமா கஜபதி எழுதுவது. உன் அக்கா என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர இங்கு அனைவரும் நலம். போனில் சொன்னால் சிரித்தே கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு மனசு சோர்ந்து கிடந்ததும், பூந்தமல்லி டாக்டரம்மா மாத்திரை கொடுத்ததும் உனக்குத் தெரியும். மனசு ஜம்மென்று ஆகிவிட்டது, தூக்கம்தான் ஓடிப்போனது. போய்க் கேட்டால், மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம், வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்ளுமாம். எந்த வெளிச்சத்தை எவ்வளவு மதிப்பது என்பதில் செரோடோனின் என்கிற சரக்குக்கும் பங்கு உண்டாம். மாத்திரை அதைக் கூட்டிவிடுவதால் சிலருக்குச் சாயங்கால டியூப்லைட்டே பட்டப்பகலாகிவிடுமாம். "மாத்திரைய நிறுத்தாதீங்க. பொழுது சாஞ்சா வெளிச்சத்தக் கொறைங்க, காலைல வெயில்ல நடங்க" என்றார். எனக்கு ஒரே குஷி! அன்றே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் பாயசத்தில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். அருமையாகத் தூங்கினேன்.

நேற்று சாயங்காலம் நம்ம பொண்ணு பிரியாவைப் பெண் பார்க்கக் குமணன்சாவடியிலிருந்து வந்தார்கள். பையன் அவளோடு படித்தவன், அவளாகவே விரும்பியவன். இது அமையாவிட்டால் பிள்ளை உடைந்துபோவாள். உன் அக்கா வீட்டிலுள்ள விளக்கையெல்லாம் போட்டுக் கல்யாண மண்டபமாக்கிவிட்டாள். நான் என்ன செய்வேன்? கறுப்புக் கூலிங் கிளாசை மாட்டிக்கொண்டு வாசலில் கைகூப்பி நின்றேன். பையனின் அப்பா வீராசாமி என்னைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். "ஐயய்யோ, மெட்ராஸ் ஐ வந்துகீது! யாரும் அவரு கண்ணப் பாக்காதீங்க!" என்று கூட வந்தவர்களிடம் கத்தினார். நான் கண்ணாடியைக் கழற்றி, "நல்லாத்தான் கீது, பாருங்க, பாருங்க" என்று நெருங்க நெருங்க, அவர்கள் பின்பக்கமாகவே நடந்து, செருப்பைக்கூட மாட்டாமல் காரில் ஏறிவிட்டார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி அப்படியே இருக்கிறது. "மூளைல கடியாரமாம், இன்னா மனுசன்யா நீ!" என்றாள் உன் அக்கா. அவளுடைய கடைசிப் பேச்சு அதுதான். பிரியா அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை மச்சான்.

நீ அந்தப் பக்கத்து ஆள். வீராசாமி வீட்டுக்குப் போய், இது கண் நோயே இல்லை, செரோடோனின் என்று பக்குவமாக எடுத்துச் சொல். உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். நன்றாகத் தூங்கி நீடூழி வாழட்டும்.

உன் மாமா,
கஜபதி

பின்குறிப்பு: நீ போக வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடச் சாயங்காலம் கிளம்பும்போது வீராசாமியே வந்து நிற்கிறார், கண்ணில் கறுப்புக் கூலிங் கிளாஸ்! "ஒட்டிக்கும், யாரும் பாக்காதீங்க!" என்று அலறிக்கொண்டு அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். கதவைத் தட்டுகிறார்: "சம்மந்தி, தொறங்க! உங்க பொண்ணு எம் பையனுக்கு எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நானும் அதே மாத்திரதான் போட்டுகினு கீறேன்!"