ஒரே ஒரு பட்டன்

இனிமேல் திரையில் ஒரே ஒரு பட்டன்தான் இருக்க வேண்டும் என்று பட்டன் சார் முடிவு செய்துவிட்டார். அவர் முடிவு செய்தால் செய்ததுதான். ஆபீசில் மட்டும். வீட்டில் முடிவெடுக்கும் இலாகா வேறொருவரிடம் இருந்தது.

அந்தப் பேர் அவருக்குச் சும்மா வரவில்லை. எந்தத் திரையைக் கொடுத்தாலும் அதிலிருந்து நாலு பட்டனைக் கழற்றிவிட்டுத்தான் காபி குடிக்கப் போவார். அவருடைய கம்பெனி செய்வது ஆராய்ச்சிக்காரர்களுக்கான மென்பொருள். படித்த புத்தகம், கட்டுரை, எழுதியவர், ஆண்டு, பக்க எண் எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்தால், ஆய்வேட்டின் கடைசியில் வரவேண்டிய துணைநூல் பட்டியலை அதுவே ஒழுங்காக அச்சடித்துக் கொடுக்கும். பழைய திரையில் முப்பத்தாறு பட்டன்கள் இருந்தன. பட்டன் சார் நாலு மாதம் பாடுபட்டு முப்பத்தைந்தைத் தூக்கினார். மிஞ்சியதன் மேல் ஒரே சொல். 'சேர்'.

"புதுசா ஒரு புத்தகத்தைப் பட்டியல்ல சேர்க்கணுமா? சேர். ஒரே புத்தகம் ரெண்டு தடவை வந்திருக்கா, ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கணுமா? அதுக்கும் சேர். ஒரே சொல்லு, ரெண்டு வேலை! தமிழே நமக்குப் பாதி வேலையை முடிச்சுக் குடுத்திருக்கு" என்று நேற்றுக் கூட்டத்தில் முழங்கினார்.

மேனேஜர் கை தட்டினார். தட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நாளன்னிக்கு வெளியிடறோம். நிஜமான ஆராய்ச்சிக்காரர் பட்டியல்ல போட்டுப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்" என்றார் பட்டன் சார்.

பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்து நிஜமான ஆராய்ச்சிக்காரர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்பு கல்யாணம் செய்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி ஆறு வருஷமாக எறும்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது ஆய்வு. அறுநூற்று நாற்பத்து மூன்று நூல்களையும் கட்டுரைகளையும் கணவர் கம்பெனியின் பழைய மென்பொருளில் பட்டியலிட்டு வைத்திருந்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். கைடு கடைசியாக ஒருமுறை பார்த்துச் சரி சொல்வதற்காக, அச்சடித்த கட்டோடு காலையிலேயே கல்லூரிக்குக் கிளம்பினாள். கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. பட்டன் சாரும் வீட்டில் இருந்தார். தலைவலி என்று லீவு.

"என்னங்க, தலைவலின்னீங்களே, படுக்கலையா?"

"படுக்கத்தான் போறேன்."

"ஷேவ் பண்ணிட்டா படுப்பாங்க?"

"முகம் சுத்தமா இருந்தா வலி சீக்கிரம் இறங்கும்."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். எறும்பைப் பார்ப்பது போல.

"மூணு மணிக்கு வந்துருவேன். அஞ்சுக்குள்ள குடுக்கலைன்னா அடுத்த தேதி ஆறு மாசம் கழிச்சு. என் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க."

"நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தெருமுனையில் அவள் திரும்பிய மறுநிமிஷம் புதிய மென்பொருள் அவள் கம்ப்யூட்டரில் ஏறியது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு எடுத்துவிடுவது என்பது திட்டம். காதும் காதும் வைத்தது போல முடிந்துவிடும். திரை திறந்தது. வெள்ளைவெளேரென்று, நடுவில் நீலத்தில் 'சேர்'. பட்டன் சாருக்குக் கண் கலங்கியது. பட்டியல் எப்படி மின்னுகிறது என்று பார்க்க, அறுநூற்று நாற்பத்து மூன்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். மின்னியது. சரி, சோதனைக்குப் புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று பட்டனை அமுக்கினார்.

மென்பொருள் சொன்னபடி கேட்டது. அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

மொத்த நூல்கள்: 1.

எழுதியவர்கள் எழுநூற்றுப் பதினான்கு பேர். தலைப்பு திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பக்கம் ஒன்று முதல் தொண்ணூற்றெட்டாயிரம் வரை. ஆறு வருஷம் ஒரே வரியில்.

பட்டன் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் ஓடியது. மூலையில் தேடினார். ஓரத்தில் தேடினார். தவறாகச் செய்ததை மாற்றும் 'பழையபடி' பட்டன் எங்கேயும் இல்லை. புரோகிராமருக்குப் போன் போட்டார். கண்ணாடியின் கனத்தால் ஆபீசில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர்.

"ஏம்ப்பா, பழையபடி பட்டன் எங்கே?"

"நீங்கதானே சார் தூக்கச் சொன்னீங்க. தப்பு பண்ணாதவனுக்கு அது எதுக்குன்னு கேட்டீங்களே."

"தூக்குன்னா அடியோட தூக்கறதா? எங்கயாவது ஓரமா ஒளிச்சு வைக்கக் கூடாதா?"

"சுத்தமாத் தூக்குன்னீங்க சார். சுத்தமாத்தான் தூக்கியிருக்கேன். ஏன், யாராவது தப்பு பண்ணிட்டாங்களா?"

பட்டன் சார் சொன்னார்.

"மேடம்கிட்ட நகல் இருக்கும் சார். கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டு அப்புறம் நான் எந்த வீட்டுல இருக்கறது?"

"அப்ப ஒரே வழிதான். அலமாரில இருக்கற புத்தகத்தையெல்லாம் எடுத்து வச்சு, ஒவ்வொண்ணாக் கையால அடிங்க."

மணி பத்தரை. அலமாரியில் எட்டுத் தட்டு. பட்டன் சார் சட்டையைக் கழற்றிவிட்டு மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தார். எழுதியவர், தலைப்பு, ஆண்டு, 'சேர்'. ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டனை அமுக்கும்போது, இப்போது இது எதைச் சேர்க்கப் போகிறதோ என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார். ஏழு புத்தகம் முடிந்தது. போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தூங்குறீங்களா?"

"ஆமா… இல்ல… இப்பத்தான் கண்ணு சொக்குச்சு."

"ஏன் மூச்சு வாங்குது?"

"தலைவலி."

"சரி சரி. ஒண்ணுமில்ல, வந்ததும் கீழ் ரெண்டு தட்டுப் புத்தகத்தைத்தான் முதல்ல சரிபார்க்கணும். ஞாபகத்துக்குச் சொன்னேன். மேல்தட்டைப் பத்திக் கவலையில்ல."

போனை வைத்ததும் பட்டன் சார் தரையில் உட்கார்ந்தார். நல்ல வேளை! மேலே இருந்தே போயிருந்தால் அகப்பட்டிருப்போம். கீழ்த்தட்டை முதலில் முடித்துவிட்டால், அவள் பார்க்கும்போது பட்டியல் ஒழுங்காகத் தெரியும். மீதியை எப்படியாவது சமாளிக்கலாம். மொத்தத்தையும் தரையில் இறக்கினார்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் போன்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ?"

"சாப்பிட்டுட்டேன். இங்க கைடு ஒரு பொண்ணைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. பட்டியல்ல பக்க எண் போடல, பதிப்பகம் இருக்கற ஊர் போடல. ஊர் இல்லாத புத்தகம் புத்தகமே இல்லைன்னுட்டாங்க. பாவம், அழுதுடுச்சு."

பட்டன் சார் திரையைப் பார்த்தார். இதுவரை அடித்த ஒன்றிலும் பக்க எண் இல்லை, ஊரும் இல்லை.

"பாவம்தான்" என்றார். அவருக்கே அழுகை வந்தது.

அடித்த அத்தனையையும் மீண்டும் திறந்து, முதல் பக்கத்தைப் புரட்டி ஊரைப் போட்டார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி எண்ணைப் போட்டார். ஒரு புத்தகத்தில் ஊர் பேர் மங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். கழுத்து மரத்துப்போயிற்று. தலைவலி என்று சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது.

ஒன்றரைக்கு மூன்றாவது போன்.

"என்னங்க, பரண் மேல ஒரு அட்டைப்பெட்டி இருக்குல்ல, பழைய சஞ்சிகை. அதை இறக்கி மட்டும் வைங்க. அதுவும் வேணும்."

"அதுவுமா?"

"ஏன், கஷ்டமா இருக்கா?"

"சேச்சே! ஸ்டூல் போட்டா எட்டிடும்."

ஸ்டூல் போட்டும் எட்டவில்லை. ஸ்டூல் மேல் டிக்‌ஷனரி போட்டு ஏறினார். பெட்டி முதலில் இறங்கியது, பிறகு அவர் இறங்கினார், இரண்டுக்கும் இடையே அரை நொடிதான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அடித்தார். இரண்டே முக்காலுக்குப் பட்டியலில் அறுபத்தாறு இருந்தது. கையால் அடித்தது அறுபத்தைந்து, அந்த ராட்சச வரி ஒன்று. இன்னும் கால் மணி நேரம். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவதா, ஊரைவிட்டுப் போவதா என்று யோசித்தபோது, அது நடந்தது.

திரையில் எண் தானாக ஏறியது. 66. 120. 305. கண்ணைக் கசக்கிக்கொண்டார். 643. ராட்சச வரியைக் காணோம். ஒவ்வொரு எறும்பும் அதனதன் வரிசையில் நின்றது.

பட்டன் சார் பூதக்கண்ணாடிக்குப் போன் போட்டார்.

"தானாச் சரியாயிடுச்சுய்யா! பாத்தியா? என் டிசைன்! தப்பைத் தானே புரிஞ்சுக்கிட்டுத் தானே திருத்திக்குது!"

"அப்படியெல்லாம் ஒண்ணும் நான் எழுதலையே சார்…"

"நீ எழுதலைய்யா. அது வளந்திருக்கு!"

புத்தகங்களை அலமாரிக்குள் அடைத்தார். சட்டையை மாட்டினார். சோபாவில் சாய்ந்து, பேப்பரை விரித்து, மகான் போல உட்கார்ந்தார். மூன்றரைக்குக் கதவு திறந்தது.

"தலைவலி எப்படி இருக்கு?"

"பரவால்ல. நல்லா தூங்கினேன்."

"பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

அவர் திருப்பிப் பிடித்தார். அவள் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரமே இல்லை.

"காலைல கைடு கட்டைப் பிரிச்சாங்க. பட்டியல்ல அம்பத்தெட்டு நூலுக்குப் பக்க எண் இல்ல, ஊர் இல்ல. எல்லாம் முதல் வருஷம் அவசரத்துல போட்டது. மூணு மணிக்குள்ள முடிச்சா கையெழுத்து, இல்லைன்னா இல்லைன்னுட்டாங்க. புத்தகமெல்லாம் வீட்டுல. வீட்டுக்கு ஓடி வரலாம்னு கிளம்பறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டர்ல பட்டியலைத் திறந்தேன். ஒண்ணுன்னு இருந்துச்சு."

பட்டன் சாரின் பேப்பர் மெதுவாக மடிந்தது.

"அங்க எப்படித் தெரியும்?"

"வீட்டுல மாத்தினா அங்கயும் மாறும். உங்க கம்பெனி சாஃப்ட்வேர்தாங்க. அந்த ஒரு விஷயம் மட்டும் நல்லா வேலை செய்யுது. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் போயிடுச்சு. அப்புறம்தான் நேத்து எடுத்த நகல் ஞாபகம் வந்துச்சு. அதைப் போடலாம்னு கை வைக்கிறேன், புதுசா ஒரு நூல் தானா வந்து உக்காருது. பின்னாடியே இன்னொண்ணு. யாரோ உக்காந்து ஜரூரா அடிக்கிறாங்க! ஆனா மேல்தட்டு. அது எனக்கு வேண்டாம். அதான் போன் பண்ணேன்."

"அந்தப் பொண்ணு? அழுததே…"

"எந்தப் பொண்ணு?"

பட்டன் சாருக்கு முழங்கால் வலித்தது.

"அம்பத்தெட்டும் வந்து சேந்ததும் நகல்ல ஏத்திட்டேன். கைடு கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு வருஷமா நான் தள்ளிப்போட்ட வேலை. நாலே மணி நேரத்துல முடிச்சீங்க" என்றாள் அவள். குரலில் நிஜமான மரியாதை இருந்தது. அதுதான் அவரை அதிகமாக வதைத்தது.

"இப்ப உங்க புரோகிராமருக்குப் போன் போடுங்க. இதை நாளைக்கு ஊருக்கெல்லாம் குடுத்தீங்கன்னா, இந்த மாதிரி வீட்டுக்கு வீடு நடக்கும்."

போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"பூதக்கண்ணாடி, பழையபடி பட்டனை மறுபடியும் வைக்கணும்ப்பா."

"எங்க சார் வைக்கறது?"

பட்டன் சார் மனைவியைப் பார்த்தார்.

"பெருசா, சிவப்பா, நடுவுல" என்றாள்.

"பெருசா, சிவப்பா, நடுவுல" என்றார்.

"அந்த 'சேர்' பட்டன் சார்?"

"ரெண்டாப் பிரிக்கணும். ஒண்ணுல 'புதிதாகப் போடு', இன்னொண்ணுல 'ஒன்றாக்கு'. ஒன்றாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேக்கணும்" என்று அவள் சொல்லச் சொல்ல, இவர் ஒப்பித்தார்.

"சூப்பர் சார்! இத்தனை நாள்ல நீங்க சொன்னதுலயே இதுதான் உருப்படியான யோசனை!"

அவள் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கங்களை அச்சுக்குக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக வந்த தாள்களை அடுக்கும் வேலை பட்டன் சாருக்கு. பட்டியல் முடிந்து, நன்றியுரை வந்தது. கைடுக்கு நன்றி. துறைத் தலைவருக்கு நன்றி. நூலகருக்கு நன்றி. நாலு மாதம் முப்பத்தைந்து பட்டனோடு மல்லுக்கட்டிய தலைமை வடிவமைப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்குமா என்று அவர் கண் கீழே இறங்கியது. இருந்தது, கடைசி வரியில்.

'பட்டியலைத் தட்டச்சு செய்து உதவிய என் கணவருக்கு நன்றி. இந்த ஆய்வேட்டில் எஞ்சியிருக்கும் பிழைகள் அனைத்துக்கும் அவரே பொறுப்பு.'